கோபத்துக்குக் கண் தெரியும்

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. கடற்கரை–செங்கல்பட்டு மின்தொடரில் கல்லூரிப் பையன்கள் அரிவாளோடு மோதிக்கொண்ட செய்தி வரும் நாட்களில் அங்கே தவறாமல் ஒரு விவாதம் நடக்கும். 'அவனுங்க ரத்தமே அப்படி சார், பொறப்புலயே வர்றது' என்பார் ஒருவர். 'சினிமாவப் பாத்துக் கெட்டுப் போறானுங்க' என்பார் ஓய்வுபெற்ற ஆசிரியர். 'படிச்சா வேலையா குடுக்கறான்? வெறுத்துப் போயி அடிச்சுக்கறானுங்க' என்பார் கடைக்காரர். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மனித ஆக்ரோஷம் பற்றி இருபதாம் நூற்றாண்டு உளவியல் முன்வைத்த மூன்று பெரும் விளக்கங்களும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. இயல்பூக்கம், கற்றல், விரக்தி.

மூன்று பேருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பையன்கள் யாரை வெட்டினார்கள்? இன்னொரு கல்லூரிப் பையனை. அவனும் இவனைப் போலவே குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவன். டிக்கெட் பரிசோதகரையோ சட்டையைப் பிடித்து அறைந்த போலீஸ்காரரையோ அவன் வெட்டவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்று பழமொழி சொல்கிறது. நான் பார்த்த வரையில் கோபத்துக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. ஆள் பார்த்துத்தான் அது வருகிறது.

முதலில் ரத்தத்தை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப்போரின் பிணக்குவியலுக்குப் பிறகு, 1920இல் ஃப்ராய்ட் மரண இயல்பூக்கம் என்ற ஒன்றைப் பேசத் தொடங்கினார். அழிக்கும் விசை வெளியே திரும்பினால் வன்முறை, உள்ளே திரும்பினால் தன்னழிவு. 1963இல் கொன்ராட் லோரன்ஸ் மீன்களையும் வாத்துகளையும் கவனித்ததிலிருந்து ஆக்ரோஷம் தொட்டியில் நீர் சேருவது போல் உள்ளுக்குள் சேர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு நாள் வழிந்தே தீரும் என்றார். எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புலிக்கூண்டின் முன் நின்று, 'மனுசனும் மிருகந்தானே' என்று சொல்பவர்களை எப்போதும் பார்க்கலாம். போரும் வன்முறையும் நம் உடலிலேயே எழுதப்பட்டிருக்கின்றன என்பது அறிவியல்ரீதியாகத் தவறு என்று 1986இல் செவில் நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடி அறிக்கை விட்டார்கள். யுனெஸ்கோ பின்னர் அதை ஏற்றது. என் ஆட்சேபம் அதைவிடச் சின்னது. தொட்டியில் நீர் சேர்வதாகவே வைத்துக்கொள்வோம். அது ஏன் எப்போதும் சேரிப் பக்கமாகவே வழிகிறது?

இரண்டாவது, விரக்தி. 1939இல் யேல் பல்கலைக்கழகத்தின் டாலர்ட், மில்லர் முதலியோர், ஆக்ரோஷத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு தடைப்பட்ட ஆசை இருக்கும் என்றார்கள். இரண்டே வருடத்தில் மில்லரே அதைத் தளர்த்திக்கொண்டார். விரக்தியிலிருந்து பல விளைவுகள் பிறக்கலாம், ஆக்ரோஷம் அவற்றில் ஒன்று மட்டுமே. நம் இடதுசாரித் தோழர்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதுதான். வறுமை, விரக்தி, வன்முறை என்று ஒரு நேர்கோடு. ஆனால் இந்தக் கோடு ஒடுக்கப்பட்டவனையே சந்தேகத்துக்குரியவனாக்குகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தையே பாருங்கள். 1891இல் இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஏற்பாடு. விற்கக்கூடாது, மாற்றாருக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. நூறு வருட விரக்தி. கோட்பாட்டின்படி என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்தது மனுக்கள், ஊர்வலங்கள், கரணையில் பஞ்சமி நிலத்தில் ஒரு அம்பேத்கர் சிலை. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும். நிலம் கேட்டவர்கள்தான் செத்தார்கள். ஆனாலும் 'கலவரம்' என்ற சொல் யார் மேல் ஒட்டப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை.

விரக்தி வாதத்தை முழுக்கத் தூக்கியெறிய வேண்டாம். 1940இல் ஹோவ்லாண்ட், சியர்ஸ் என்ற இருவர் அமெரிக்கத் தென் மாநிலங்களில் பருத்தி விலையையும் கறுப்பர்களை அடித்துக் கொன்று தொங்கவிட்ட எண்ணிக்கையையும் 1882 முதல் 1930 வரை ஒப்பிட்டார்கள். விலை விழுந்த வருடங்களில் கொலை கூடியது என்றார்கள். பின்வந்தவர்கள் கணக்கைத் திரும்பப் போட்டு, தொடர்பு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். அது கிடக்கட்டும். பருத்தி விலையைக் கறுப்பர்களா வீழ்த்தினார்கள்? அந்த விரக்திக்குக் கறுப்பு உடல் எப்படி இலக்காயிற்று? உளவியல் இதற்கு 'இடப்பெயர்ச்சி' என்று பெயர் வைக்கிறது. திருப்பி அடிக்க முடியாதவன் மேல் கோபம் இடம் மாறுகிறதாம். திருப்பி அடிக்க முடியாதவன் யார் என்பதை மனம் தீர்மானிப்பதில்லை. ஊர் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு வெண்மணிக்குப் போவோம். 1968 டிசம்பர் 25. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தது, இவ்வளவுதான். குடிசைக்குள் எரிந்து செத்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பசித்தவன் பக்கத்திலிருந்து வந்த வன்முறை அல்ல இது. நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தவர்கள், பத்தாயம் நிறைந்தவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. அவர்களுக்கும் விரக்தி இருந்தது என்று சொல்லலாம்தான். கும்பிட்டவன் கும்பிட மறுத்தான் என்ற விரக்தி. இல்லாமையால் வருவது ஒரு விரக்தி, 'எனக்கு வர வேண்டிய மரியாதை வரவில்லை' என்பது இன்னொன்று. யேல்காரர்கள் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டார்கள்.

வெண்மணி பற்றித் தமிழகத்தில் இரண்டு ஆளுமைக் கோட்பாடுகள் எழுதப்பட்டன. ஒன்றை எழுதியது சென்னை உயர்நீதிமன்றம். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை விடுவித்தபோது அது சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் பெரும் நிலக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாமே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பக்கூடியதாக இல்லை. இதைச் சட்ட வாதமாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். இது ஒரு முழுமையான உளவியல் கோட்பாடு. அந்தஸ்துள்ள ஆளுமையில் ஆக்ரோஷம் குடியிருக்காது என்பது அதன் முதல் விதி.

இரண்டாவது, இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதில் நிலவுடைமையாளர் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அடியில் அவருடைய ஆண்மையின்மை வைக்கப்படுகிறது. இடதுசாரிகள் அப்போதே கொதித்தார்கள், வர்க்கப் போராட்டத்தைக் கட்டில் விவகாரமாக்கிவிட்டார் என்று. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு, ஆனால் பாதிதான். ஒரு கொடியவனின் மனத்துக்குள் நுழைந்து பார்ப்பது நாவலாசிரியனின் உரிமை, கடமையும்கூட. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. என் சிக்கல் வேறு. அன்றிரவு அங்கே போனவர் நாயுடு ஒருவர் அல்ல, ஒரு கும்பல். அத்தனை பேருக்கும் அதே குறையா? ஆண்மை உள்ள மிராசுதார் தீ வைக்க மாட்டாரா? காயம்பட்ட ஒரு ஆளுமையைக் காரணமாக்கியதும், காயம் எதுவும் படாத மற்ற ஆளுமைகளெல்லாம் கதையிலிருந்து நழுவிவிடுகின்றன.

நீதிமன்றமும் நாவலும் எதிரெதிர் திசையில் போய் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒன்று, 'இந்த ஆள் இதைச் செய்யக்கூடியவரல்ல' என்கிறது. மற்றது, 'இந்த ஆளிடம் ஒரு கோளாறு இருந்தது, அதனால் செய்தார்' என்கிறது. இரண்டிலும் விசாரணைக்கு வருவது ஒரு ஆள். அவருக்கு அந்த அனுமதியைக் கொடுத்தது எது என்பது விசாரணைக்கே வரவில்லை.

அப்படியானால் ஆளுமை என்ற ஒன்றே இல்லையா? இருக்கிறது. இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறோம். 1998இல் புஷ்மன், பாமைஸ்டர் நடத்திய ஆய்வு ஒன்று சுவாரசியமானது. தன்மதிப்புக் குறைந்தவன்தான் மற்றவனைத் தாக்குவான் என்ற பழைய நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. தன்னை மிக உயர்வாக நினைத்துக்கொண்டு, அந்த நினைப்பு அவமதிக்கப்பட்டவன்தான் அதிகம் தாக்கினான். நமக்கு இது தெரிந்த முகம். ஆனால் இங்கே வந்ததும் கோட்பாடு ஒரு படி தடுக்கிவிடுகிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொலையுண்டார். 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது. முதல் குற்றவாளி ஒரு சாதிப் பேரவையின் தலைவர். அந்தப் பெண்ணின் அப்பனோ அண்ணனோ அல்ல. யாருடைய 'தான்' இங்கே அவமதிக்கப்பட்டது? ஆய்வுக்கூடத்துத் தன்முனைப்பு ஒரு தனிமனிதனுடையது. இங்கே அது சாதியின் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு காயப்படலாம்.

அடோர்னோவும் தோழர்களும் 1950இல் எழுதிய 'அதிகாரத்துவ ஆளுமை' நமக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. மேலே இருப்பவனுக்குக் குனிவான், கீழே இருப்பவனை மிதிப்பான், சைக்கிள் ஓட்டுகிறவனைப் போல. இந்த ஆளுமை எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய் அவர்கள் கண்டடைந்தது கண்டிப்பான அப்பாவின் வீடு. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அம்பேத்கர் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொரு படியிலும் மேலே கும்பிட ஒருவன், கீழே மிதிக்க ஒருவன். அப்பா சாதுவாக இருந்தாலும் படிக்கட்டு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடும்.

கற்றல் என்றதும் பாண்டுராவுக்கு வருவோம். 1961இல் ஸ்டான்ஃபோர்டில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அடித்தார்கள். டீக்கடை ஆசிரியருக்கு இவ்வளவு போதும், சினிமாவைத் திட்டிவிடுவார். 1965இல் வந்த ஆய்வுதான் முக்கியமானது. அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு என்றதும் அவர்களும் அதே அளவு செய்து காட்டினார்கள். அடிக்கக் கற்றுக்கொள்வது எல்லோரும்தான். அடிக்கலாமா வேண்டாமா என்பதைத் தண்டனை கிடைக்கிறதா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். அப்படியென்றால் வெண்மணி விடுதலைத் தீர்ப்பு எத்தனை ஊர்களுக்குப் பாடம் எடுத்திருக்கும்?

இதுவரை எழுதியதெல்லாம் நமக்கு வசதியானது. வசதியில்லாத ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

பல வருடங்களுக்கு முன் ஊரப்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வாசிப்பு வட்டம் நடத்தினோம். எங்களில் வெண்மணி பற்றி மிக நன்றாகப் பேசக்கூடிய தோழர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் ராத்திரி அவர் மனைவி வீங்கிய முகத்தோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தோழருக்கு அந்த மாதம் வேலை போயிருந்தது. மறுநாள் வட்டம் கூடிப் பேசினோம். 'பாவம், ஃப்ரஸ்ட்ரேஷன்' என்றார் ஒருவர். 'அவர் டைப்பே அப்படித்தான், முன்கோபி' என்றார் இன்னொருவர். 'ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்கம்மா' என்று அந்த அம்மாவிடம் சொன்னவன் நான். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். 'நேத்து காலையில வாடகை கேட்டு ஹவுஸ் ஓனர் தெருவுல நிக்க வச்சுத் திட்டினாராமே, அவரை ஏன் உங்க தோழர் அடிக்கல?'

ஹவுஸ் ஓனர் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார். முன்கோபிக்குக் கோபத்தை அடக்கத் தெரிந்திருக்கிறது, மத்தியானம் வரைக்கும் பத்திரமாக வைத்திருந்து வீட்டுக்கு எடுத்துவரவும் தெரிந்திருக்கிறது. நாங்கள் என்ன செய்தோம்? உயர்நீதிமன்றத்தின் வேலையையும் நாவலின் வேலையையும் சேர்த்துச் செய்தோம். 'இவ்வளவு படித்தவர் அப்படிச் செய்வாரா' என்று பாதிப் பேர், 'ஏதோ மனக்குறை' என்று மீதிப் பேர். அமைப்பைப் பற்றி ஓயாமல் பேசுகிற எங்களுக்கு, அந்த வீட்டுக்குள் இருந்த அமைப்பு கண்ணில் படவே இல்லை. அந்த அனுமதிச் சீட்டில் எங்கள் கையெழுத்தும் இருந்தது.

சில மாதம் கழித்து அந்த அம்மா மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அன்றோடு அடி நின்றது. வேலை கிடைத்துவிடவில்லை, விரக்தி தீரவில்லை, ஆளுமையும் மாறவில்லை. கை மட்டும் நின்றது.

அதே மாதம் அதே கம்பெனியில் வேலை போன இன்னொருவரும் வட்டத்தில் இருந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. அந்த வித்தியாசத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உளவியல் ஆராய வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான், அதற்கு நம் மரியாதை உண்டு. ஆனால் அனுமதி ஊரிலும் வீட்டிலும் தாராளமாகக் கிடைக்கிற வரைக்கும் யார் முன்கோபி, யார் சாது என்று கணக்கெடுப்பதில் அடிபடுகிறவளுக்கு ஒரு பயனும் இல்லை. இனி யாராவது 'அவன் சுபாவம் அப்படி' என்று சொன்னால், என் மனைவி கேட்டதையே திருப்பிக் கேட்போம். சரி, மேலே இருப்பவனிடம் அந்தச் சுபாவம் எங்கே போகிறது?