ஃபங்க்: வாசிக்காம விட்ட இடம்

ரிதம் செக்‌ஷன் டைட்டா இருந்தா ஃபங்க் தானா வந்துடும்னு பல வருஷம் நம்பிட்டு இருந்தேன். ஆபீஸ் பேண்டில் நான்தான் பாஸ் கிட்டார். டெம்போ பிசகாது, இடைவெளி கிடைத்தால் நோட்ஸைக் கொட்டி நிரப்பிடுவேன். கேட்கிற ஒருத்தர் தலைகூட ஆடாது.

என் தப்பு பிடிபட்டது ஜேம்ஸ் பிரவுன் குழு 1971 மார்ச்சில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் வாசித்த கச்சேரியைக் கேட்டபோதுதான். 'லவ் பவர் பீஸ்' என்ற பெயரில் அந்த ஆல்பம் வெளிவர 1992 ஆகிவிட்டது. பாஸில் பூட்ஸி காலின்ஸ், அப்போ வயசு 19. கிட்டாரில் அவர் அண்ணன் கேட்ஃபிஷ். டிரம்ஸில் ஜாபோ ஸ்டார்க்ஸ்.

ஹெட்ஃபோனில் ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். நாலு பீட்டில் முதலாவதில் எல்லாரும் சேர்ந்து ஊன்றுகிறார்கள். பிரவுன் இதைத்தான் 'தி ஒன்' என்பார். அதற்கப்புறம் ஆளுக்கொரு வழி. கிட்டார் ஒரு கார்டை வெடுக்கென்று அடித்து உடனே அமுக்கிவிடுகிறது. அந்தச் சின்ன மௌனத்துக்குள் பாஸ் நுழைகிறது. பாஸ் ஓய்கிற இடத்தில் ஸ்னேர் முணுமுணுக்கிறது. யாரும் அடுத்தவர் இடத்தில் கால் வைப்பதில்லை. முதல் பீட் நிச்சயமாக வரும் என்ற தைரியத்தில்தான் நடுவில் இத்தனை விளையாட்டும்.

ஒரு குறை சொல்லணும். சில பாட்டுகளில் வேகம் ஏறும்போது அந்த இடைவெளிகள் நெருங்கிப்போகுது. கச்சேரியின் பரபரப்பு கூடுது, ஃபங்க் கொஞ்சம் குறையுது. அங்கே எனக்கு ஸ்டூடியோ பதிவுகள்தான் பிடிக்கும்.

அடுத்த ஒத்திகையில் என் நோட்ஸில் பாதியை வெட்டினேன். எங்க டிரம்மர் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.