திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள்: பள்ளி நிதிக் காட்சிகளை முன்வைத்துச் சில கேள்விகள்

பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட மைதானத்தில் படம் போடுவதை நம் விமர்சகர்கள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. சினிமா விமர்சனம் என்றால் படத்தைப் பற்றி. கல்வி விமர்சனம் என்றால் பாடத்திட்டத்தைப் பற்றி. இரண்டுக்கும் நடுவே, மூங்கில் நட்டுத் துணி கட்டி, டிக்கெட் கிழித்து, கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் காசு சேர்க்கிற ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். என்ன படம் ஓடியது என்பதைவிட, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது அதில் முக்கியம்.

தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துவெளி சினிமாக் கொட்டகைதான் என்றார் கா. சிவத்தம்பி (1981). அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அல்ல, வாங்கும் சக்தி என்பது அவர் வாதம். டூரிங் டாக்கீசை நினைத்துப் பார்த்தால் இது புரியும். தரை டிக்கெட் முன்னால், பெஞ்சு அதற்குப் பின்னால், நாற்காலி கடைசியில். குறைந்த காசு கொடுத்தவன்தான் திரைக்கு நெருக்கம். அவன் தலைக்கு மேலாகத்தான் நாற்காலிக்காரர் படம் பார்த்தாக வேண்டும்.

பள்ளி நிதிக் காட்சியில் இந்த வரிசை கவிழ்ந்துவிடுகிறது. சினிமாக் கொட்டகையின் ஒழுங்கு போய், மேடை விழாவின் ஒழுங்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் வரிசையில் நன்கொடையாளர்களுக்கு நாற்காலி. பிறகு பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை. படம் தொடங்குவதற்குள் பிள்ளைகள் பாதிப்பேர் தூங்கிவிடும். நான் உடனிருந்து பார்த்த ஒரு காட்சியில் அமைப்பாளர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அய்யாயிரம் குடுத்தவருக்கு ஒக்கார எடம் வேணாமா சார்?" என்றார். நியாயம்தான். ஆனால் வாங்கும் சக்தி என்று நாம் சொல்வது இந்த ஊர்களில் யாரிடம் இருக்கிறது? நிலம் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவில்தானே? சாதியின் இடத்துக்குக் காசு வந்தது என்பது பட்டணத்துக் கொட்டகைக்குப் பொருந்தலாம். பள்ளி மைதானத்தில் இரண்டும் ஒரே நாற்காலியில்தான் உட்காருகின்றன.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? திரைக்குப் பின்னால். வெள்ளைத் துணியில் விழும் வெளிச்சம் ஊடுருவி மறுபக்கமும் பிம்பம் தெரியும். இடவலம் மட்டும் மாறியிருக்கும். நாயகன் இடது கையால் வணக்கம் வைப்பான். டிக்கெட் எடுக்காத காலனி ஜனங்கள் அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களைத் தடுத்து அங்கே அனுப்பவில்லை. தடுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. "எழுத்துதான் மாறித் தெரியுது, படம் நல்லாத்தான் இருக்கு" என்றார் ஓர் அம்மா. அவர் பிள்ளை அந்தப் பள்ளியில்தான் படிக்கிறது. இப்போது கருப்பு முதுகு வைத்த ஃபிளெக்ஸ் திரை வந்துவிட்டது. அதில் ஒரு பக்கம்தான் தெரியும். அந்த ஓசிப் பக்கமும் மூடியாயிற்று.

வேறு மாதிரி செய்தவர்கள் இருக்கிறார்கள். 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆபிரகாம், 1984ல் கேரளத்தில் நண்பர்களோடு ஒடேசா அமைப்பைத் தொடங்கினார். சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களை ஊர் ஊராகத் திரையிட்டு, ஜனங்களிடம் சிறுகச் சிறுகக் காசு திரட்டினார்கள். அந்தக் காசில் உருவானதுதான் 'அம்ம அறியான்' (1986). அங்கேயும் படம் காட்டித்தான் பணம் வந்தது. என்ன வித்தியாசம்? ஒடேசாவுக்குக் காசு போட்டவன் இனி வரப்போகும் படத்தின் பங்காளி. நிதிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவனோ இரண்டரை மணி நேரத்தை விலைக்கு வாங்கினான். படம் முடிந்ததும் கணக்குத் தீர்ந்தது. பள்ளிக்கூடத்தின்மேல் அவனுக்குள்ள உரிமையை டிக்கெட் வாடிக்கையாளரின் உரிமையாகச் சுருக்கிவிடுகிறது.

சட்டமும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், கல்வி நிறுவனம் தன் செயல்பாட்டின் பகுதியாகப் படம் காட்டுவதற்கு விலக்களிக்கிறது. பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியின் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஊருக்கே டிக்கெட் விற்றால் இந்த விலக்கு உதவாது. உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அனுமதி வாங்கலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் அந்தத் 'தொடர்புடையோர்' என்கிற சொல் யாரைக் குறிக்கிறது? திரைக்குப் பின்னால் இருந்த அம்மா சட்டப்படி உள்ளே இருக்கவேண்டியவர். மைதானம்தான் அவரை வெளியே வைத்தது.

"கழிப்பறை கட்டக் காசுக்கு எங்கே போவது? தத்துவம் பேசினால் செங்கல் வருமா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கழிப்பறை அரசு கட்டித்தர வேண்டியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு வகுத்திருக்கிற தகுதிகளில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் உண்டு. கேட்டு வாங்கும் போராட்டத்தைக் காட்சி வசூலால் ஈடுகட்ட முடியாது. அதற்காகப் படம் போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள். டிக்கெட்டை எடுத்துவிட்டு உண்டியல் வையுங்கள். கொடுத்த தொகைக்கும் உட்காரும் இடத்துக்கும் உள்ள முடிச்சை அறுங்கள். பிள்ளைகளைத் தரையில் முன்னால் உட்காரவைத்து, நாற்காலிகளைப் பின்னால் போடுங்கள். உரைகளை விட்டுவிட்டு வரவு செலவை ஒலிபெருக்கியில் வாசியுங்கள். அதே சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கணக்கு அவர்கள் கையில் இருக்கட்டும்.

வசூல் குறையும், சந்தேகமில்லை. நாற்காலிக்காரர்கள் சிலர் வராமலும் போவார்கள். யார் யார் வரவில்லை என்று குறித்துவையுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த இதழில் வாசிப்போம்.