மூன்று நிறம், ஒரே ருசி

2012 மார்ச்சில் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ வீடியோ கேமின் முடிவைப் பார்த்து ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2007 முதல் மூன்று ஆட்டங்களாக, யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்று அவர்களே தீர்மானித்து வளர்த்த கதை. கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று ஒளியின் நிறம்தான் மாறுகிறது என்பது அவர்கள் ஆதங்கம்.

அதைச் சொன்ன விதம்தான் அழகு. கனடாவின் எட்மன்டனில் உள்ள, ஆட்டத்தை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு 400 கப்கேக் போய் இறங்கின. மேலே மூன்று நிறத்தில் கிரீம். கடித்தால் எல்லாமே ஒரே வெனிலா! திட்டாமலே சுருக்கென்று தைக்கிற விமர்சனம்.

அந்த ஜூனிலேயே நீட்டித்த முடிவு இலவசமாக வந்தது. விட்டுப்போன விளக்கங்களைச் சேர்த்திருந்தார்கள். யோசித்து யோசித்து ஆடியவனுக்கு, அதன் பலன் கடைசியில் கண்ணில் பட வேண்டும். பந்தியில் காத்திருப்பவனுக்குப் பாயசம் மாதிரி.