அலரும் மணமும்: 'தி செவன் ஹஸ்பண்ட்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹியூகோ' புதினத்தில் மறைக்கப்பட்ட காதல்

அமெரிக்க எழுத்தாளர் டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் எழுதிய 'தி செவன் ஹஸ்பண்ட்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹியூகோ' என்னும் ஆங்கிலப் புதினம் 2017இல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே, சமூக ஊடக வாசகர்கள் வழியாக, அது பெரும்புகழ் எய்தியது. வெகுசன வாசிப்புக்குரிய நூல் என்ற அடையாளத்தால் இதனை ஆய்வுலகம் எளிதில் கடந்து சென்றுவிடக்கூடும். ஆயின் ஒரு திரை நட்சத்திரத்தின் காதல் எவ்வாறு மறைக்கப்படுகிறது, மறைப்பதற்கான விலையை யார் செலுத்துகிறார் என்னும் இரு வினாக்களை இந்நூல் எழுப்பும் விதம் கூர்ந்து நோக்கத்தக்கது.

எழுபத்தொன்பது வயதான ஹாலிவுட் நடிகை ஈவ்லின் ஹியூகோ, பல்லாண்டு மௌனத்திற்குப் பின், மோனிக் கிரான்ட் என்னும் இளம் இதழாளரை அழைத்துத் தம் வாழ்க்கையைச் சொல்கிறார். ஏழு கணவர்களின் பெயர்களே நூலின் பகுதித் தலைப்புகள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி உண்டு: ஒருவர் இரக்கத்துக்குரியவர், ஒருவர் ஏமாளி, ஒருவர் ஏமாற்றம் தந்தவர். ஆனால் ஈவ்லினின் வாழ்நாள் காதலுக்குரியவரான சக நடிகை சீலியா செயின்ட் ஜேம்ஸுக்கு நூலில் ஒரு பகுதித் தலைப்புகூட இல்லை. இது தற்செயலன்று. உலகம் எவற்றை எண்ணிக் கணக்கு வைத்ததோ அவற்றையே நூலின் அமைப்பும் எண்ணுகிறது. கணக்கில் வராதது பக்கங்களின் உள்ளே வாழ்கிறது.

புதினத்தின் களம் கற்பனையாயினும் அதன் சூழல் வரலாற்றுக்குரியது. திரைப்படங்களில் எதைக் காட்டலாகாது என வரையறுத்த ஹேஸ் நெறிமுறை 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டு, 1968இல் தரவகைப்பாட்டு முறைக்கு இடம்விட்டது. திரைக்கு வெளியே நடிகரின் வாழ்வை ஒப்பந்தங்களின் ஒழுக்கவிதிகள் கட்டுப்படுத்தின. லூவெல்லா பார்சன்ஸ், ஹெட்டா ஹாப்பர் போன்ற பத்தியாளர்களின் ஒரு வரி ஒருவரை உயர்த்தவும் வீழ்த்தவும் வல்லதாயிருந்தது. 1952இல் தொடங்கிய 'கான்ஃபிடென்ஷியல்' இதழ் மறைவுகளை அம்பலப்படுத்துவதையே வணிகமாக்கியது. ராக் ஹட்சன் 1955இல் தம் முகவரின் அலுவலகச் செயலாளரை மணந்ததும் 1958இல் அவ்வுறவு முறிந்ததும் இப்பின்னணியில் வைத்தே பேசப்படுகின்றன. ஈவ்லினின் வாழ்வை எந்த ஒரு நடிகையின் வாழ்வோடும் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. எட்டுமுறை மணம்புரிந்த எலிசபெத் டெய்லரையும், மார்கரீட்டா கான்சினோ என்னும் பெயரையும் கூந்தல் நிறத்தையும் இழந்து உருவான ரீட்டா ஹேவொர்த்தையும் வாசகர் நினைவுகூர்வது இயல்பே.

இங்குத் தமிழ் அகமரபின் கலைச்சொற்கள் பயன்தரும் கருவிகளாகின்றன. களவொழுக்கம் ஊரார் வாயில் முதலில் அம்பலாக முணுமுணுக்கப்பட்டுப் பின் அலராக வெளிப்படும். அவ்வலரை எடுத்துக்காட்டியே தோழி தலைவனை வரைவு கடாவுவாள். அதாவது, அலர் காதலர்க்குத் துன்பம் தரினும் இறுதியில் அவர்களை மணத்தை நோக்கி உந்தும் ஆற்றலாகவும் செயற்படுகிறது. ரீட்டின் புதினத்திலும் அலர் மணத்தை நோக்கியே உந்துகிறது. ஆனால் தவறான ஆளை நோக்கி. ஈவ்லினுக்கும் சீலியாவுக்கும் இடையிலான உறவு குறித்து அம்பல் எழுந்ததும், ஈவ்லின் மிக் ரிவா என்னும் பாடகரை லாஸ் வேகாசில் திடுமென மணக்கிறார். ஓர் அலரை அடக்க மற்றோர் அலரைத் தாமே உண்டாக்குகிறார். அத்திருமணம் விரைவில் செல்லாததாக்கப்படுகிறது; எனினும் அதன்பொருட்டு ஈவ்லின் தம் உடலைக் கருவியாக்கியதைச் சீலியாவால் பொறுக்க இயலவில்லை. காதலைக் காக்கச் செய்த செயலே காதலரைப் பிரிக்கிறது. புதினத்தின் மிக வலிமையான பகுதி இதுவே.

பிற்பகுதியில் இருவரும் ஸ்பெயினுக்குச் சென்று வாழ்வதை முதுமையில் நிகழும் உடன்போக்கு எனலாம். அதற்கும் ஈவ்லின் சீலியாவின் உடன்பிறந்தாரான ராபர்ட் ஜேமிசனை மணக்க வேண்டியிருக்கிறது. உடன்போக்குக்கே ஒரு கணவர் தேவைப்படும் உலகம் அது. அகத்திணையில் தலைமக்களின் பெயர் சுட்டப்பெறாமை காதலைப் பொதுமைப்படுத்தும் மரபு. இங்குப் பெயர் சுட்டப்பெறாமை அச்சத்தின் விளைவு. இவ்வேறுபாட்டை மறந்து ஒப்பீட்டை நீட்டினால் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

கணவர்கள் அனைவரும் போலித் திரைகள், சீலியா மட்டுமே உண்மை என்று வாசிப்பதும் பிழையாகும். வன்முறையாளராக மாறிய டான் ஆட்லரை ஈவ்லின் தொடக்கத்தில் மெய்யாகவே விரும்புகிறார். தன்பாலீர்ப்பினரான தயாரிப்பாளர் ஹாரி கேமரனுடனான மணத்தில் உடலுறவின் நாட்டம் இல்லை. ஆயினும் ஒரு மகளும் ஆழ்ந்த தோழமையும் உண்டு. ஹாரியின் காதலர் ஜான் பிரேவர்மனைச் சீலியா மணக்க, நால்வரும் இரு தம்பதியராக உலகின் கண்ணுக்குத் தோன்றுகின்றனர். ஈவ்லினைத் தன்பாலீர்ப்பினர் என மோனிக் வகைப்படுத்தும்போது, தாம் இருபாலீர்ப்பினர் என ஈவ்லின் உடனே திருத்துகிறார். சீலியாவே அதனை முழுதும் ஏற்க இயலாது பொறாமையில் உழல்கிறார். எனவே மறைவு உலகத்திற்கும் காதலர்க்கும் இடையில் மட்டுமன்றிக் காதலர் இருவர்க்கும் நடுவிலும் நிலவுகிறது.

மறைப்பின் விலை குறித்த வினா மோனிக்கின் தந்தை ஜேம்ஸ் கிரான்டிடம் வந்து முடிகிறது. ஹாரியின் இறுதிக்காலக் காதலர் அவர், கறுப்பினத்தவர். குடிபோதையில் ஹாரி ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகிறது. ஹாரியின் பெயரைக் காக்க, இறந்துகிடந்த ஜேம்ஸின் உடலை ஈவ்லின் ஓட்டுநர் இருக்கைக்கு மாற்றுகிறார். தந்தை குடித்துவிட்டு ஓட்டி மாண்டார் என்ற பொய்யை மோனிக்கின் குடும்பம் பல்லாண்டு சுமக்கிறது. புகழுடைய வெள்ளையரின் மறைவைக் காக்கப் புகழற்ற கறுப்பினத்தவர் ஒருவரின் உடல் பயன்படுத்தப்படுகிறது. இதுவரை ஈவ்லினின் பொய்களை இரக்கத்தோடு பின்தொடர்ந்த வாசகர் இங்குத் திடுக்கிட்டு நிற்பார். அப்பொய்களுக்குத் தாமும் உடந்தையாக இருந்ததை அவர் உணர நேர்கிறது.

ஆனால் புதினம் அவ்விடத்தில் போதிய நேரம் நிற்கவில்லை என்பதே அதன் முதன்மையான குறை. மனைவியையும் மகளையும் விட்டு வர இயலாது என ஜேம்ஸ் ஹாரிக்கு எழுதிய கடிதம் மோனிக்கின் கையில் சேர்கிறது. அக்கடிதம் தந்தையின் அன்பை மகளுக்கு மீட்டுத் தருகிறது. இனம் சார்ந்த அநீதியைத் தொடவில்லை. ஈவ்லினின் கியூபப் பின்புலமும் இவ்வாறே அரைகுறையாக நிற்கிறது. எர்ரேரா என்னும் குடும்பப் பெயரையும் கருங்கூந்தலையும் ஸ்பானிய மொழியையும் துறந்தே அவர் நட்சத்திரமாகிறார். காதல் மறைப்புக்கு முன்னரே நிகழ்ந்த முதல் மறைப்பு இது. இரண்டையும் ஒரே இயந்திரத்தின் வேலையாகக் காட்டும் வாய்ப்பு ஆசிரியருக்கு இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமான குற்றவுணர்வுக் குறிப்புகளோடு அவர் அமைந்துவிட்டார்.

உத்தி நிலையில் குறிப்பிடத்தக்கவை கதையின் இடையிடையே வரும் இதழ்த் துணுக்குகள். ஈவ்லின் சொல்வதற்கு மாறானவற்றை அவை உறுதியான தொனியில் அறிவிக்கின்றன. உண்மையை முன்னரே அறிந்த வாசகர், பழைய இதழ்களின் வாசகரைவிட மேலான இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு மகிழ்கிறார். ஆனால் அவரும் ஒரு நடிகையின் படுக்கையறை மறைவை அறியும் ஆவலோடுதான் பக்கங்களைப் புரட்டுகிறார். ஈவ்லினுக்கும் இது தெரியும். தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிடும் உரிமையையும் அதன் வருவாயையும் மோனிக்குக்கே அவர் அளிக்கிறார். தந்தைக்கு இழைத்த தீங்கிற்கு மகளுக்குக் கொடுக்கும் ஈடு அதே அலரின் சந்தைவிலைதான். சீலியாவின் பெயர் உலகிற்கு முதன்முதலாக அறிவிக்கப்படுவதும் மோனிக் எழுதும் ஓர் இதழ்க் கட்டுரையின் வழியேதான்.