குமிழைத் திருகினால் எது குறைகிறது? ரூம் ஹீட்டர்களின் வெப்பக் கட்டுப்பாடு குறித்த ஒரு செய்முறை விமர்சனம்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள உதகமண்டலத்தில், மார்கழி, தை மாத விடியற்காலைகளில் புல்வெளியின்மேல் உறைபனி படிவது வழக்கம். அக்காலத்தில் அங்குள்ள வீடுகளிலும் விடுதிகளிலும் கரிக் கணப்பு இருந்த இடத்துக்கு இன்று மின்சார ரூம் ஹீட்டர் வந்திருக்கிறது. மூடிய அறையில் கரி எரியும்போது, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேர்ந்து உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், இந்த மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஹீட்டர் வாங்குவோர் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள வாட் எண்ணைப் பார்க்கும் அளவுக்கு, அந்த வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் கருவியில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அறையின் சுகம், மின்கட்டணம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது அந்த ஏற்பாடுதான் என்பதால், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் குவார்ட்ஸ் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர் ஆகிய மூன்று வகைகளையும் இக்கட்டுரை அந்த ஒரு கோணத்திலிருந்தே மதிப்பிடுகிறது.

வாட் சொல்வதும் சொல்லாததும்

மின்தடை உள்ள கம்பியின் வழியே மின்னோட்டம் பாயும்போது அது வெப்பமாக மாறும் அளவை ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்தில் வகுத்துக் கூறினார். அந்த விதிப்படி, ஹீட்டருக்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே அறையில் சேர்கிறது. எனவே 2000 வாட் ஹீட்டர், எந்த வகையைச் சேர்ந்ததாயினும், ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 2 யூனிட் மின்சாரத்தை உட்கொண்டு அதற்கு ஈடான வெப்பத்தையே தரும். குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வெப்பம் என்ற விளம்பர வாசகம் இவ்வகை ஹீட்டர்களுக்குப் பொருந்தாது. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் முறை ஏசிகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அச்சிட்ட வாட் அளவும் மாறாத ஒன்றன்று. நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டினால் சிறிதே மாறுவதால், அதன் வெப்பத் திறன் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்து ஏறி இறங்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், வோல்டேஜ் 200 ஆகக் குறைந்தால் ஏறக்குறைய 1510 வாட் மட்டுமே தரும். அதாவது வோல்டேஜில் 13 சதவீதம் குறையும்போது வெப்பத்தில் 24 சதவீதம் குறைகிறது. மாலையில் ஊரே ஹீட்டர் போடும் நேரத்தில் தன் ஹீட்டர் சுணங்குவதைக் கண்டு கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணுபவர், முதலில் வோல்டேஜைப் பார்ப்பது நல்லது.

அறைக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பதும் தனியே கணக்கிட வேண்டியது. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையில், உதகையின் காற்றழுத்தத்தில், ஏறக்குறைய 32 கிலோ காற்று இருக்கும். அந்தக் காற்றை மட்டும் 10 டிகிரி செல்சியஸிலிருந்து 20 டிகிரிக்கு உயர்த்த ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. 2000 வாட் ஹீட்டர் அதை மூன்று நிமிடத்திற்குள் முடித்துவிடும். நடைமுறையில் அவ்வளவு விரைவில் அறை சூடேறாததற்குக் காரணம், சில்லிட்டுக் கிடக்கும் சுவரும் தரையும் கட்டிலும் மெத்தையும் வெப்பத்தை வாங்கிக்கொள்வதுதான். அவை நிறைந்தபின், வெளியே கசியும் வெப்பத்தை ஈடுகட்டினால் போதும்: உள்ளும் புறமும் 10 டிகிரி வேறுபட்டிருக்கையில், 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் வழியே 110 வாட்டுக்குச் சற்று மேலாகவும், மணிக்கு ஒருமுறை அறைக் காற்று முழுதும் மாறினால் அதன் வழியே 90 வாட் அளவிலும் வெப்பம் வெளியேறும். சுவர், கூரை வழியான இழப்பையும் சேர்த்தாலும், ஓரளவு அடைப்பான சிறிய அறைக்கு முழு 2000 வாட் தேவைப்படுவது தொடக்க நேரத்தில் மட்டுமே. தொடக்கத்தில் மிகுதியும் பிறகு கொஞ்சமும் கேட்கும் இந்த அறைக்கு, வெப்பத்தை அளந்து கொடுப்பதே கட்டுப்பாட்டின் வேலை.

இரண்டு சுவிட்ச்களும் ஒரு குமிழும்

வெப்பத்தை மட்டுப்படுத்தும் எளிய வழி, படிப்படியான சுவிட்ச். விறகடுப்பில் ஒரு விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணிப்பதைப் போல, ஹீட்டருக்குள் உள்ள இரு கம்பிச் சுருள்களில் ஒன்றை இது அணைத்துவிடுகிறது. பல ஆயில் ஹீட்டர்களில் 800 வாட், 1200 வாட் என அளவில் வேறுபட்ட இரு சுருள்கள் இருப்பதால், சிறியது தனியே, பெரியது தனியே, இரண்டும் சேர்ந்து 2000 வாட் என்று மூன்று படிகள் கிடைக்கின்றன. ஆனால் படி சுவிட்சுக்கு அறையின் நிலை தெரியாது. அறை குளிர்ந்திருந்தாலும் கொதித்தாலும் அது தன் அளவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அறையின் நிலையை அறிந்து செயல்படுவது தெர்மோஸ்டாட். வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்த பட்டை, சூடேறும்போது ஒருபக்கமாக வளையும். அந்த வளைவு மின் இணைப்பைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் பட்டை நிமிர்ந்து இணைப்பை மீண்டும் தரும். எளிய ஹீட்டர்களின் குமிழுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த ஈருலோகப் பட்டைதான். குமிழைத் திருகும்போது மாறுவது சுருளின் வாட் அளவு அன்று. பட்டை எந்த வெப்பநிலையில் துண்டிக்க வேண்டும் என்ற எல்லையே மாறுகிறது. அறை சீக்கிரம் சூடாகட்டும் என்று குமிழைக் கடைசிவரை திருகுவது இதனால்தான் பயனற்றது: வெப்பம் வரும் வேகம் கூடாது, ஹீட்டர் அணைய வேண்டிய நேரம்தான் தள்ளிப்போகும். வெளியே 8 டிகிரி இருக்கும் இரவில் அறையை 20 டிகிரியில் நிறுத்தாமல் 24 டிகிரிக்கு ஏற்றினால், வேறுபாடு 12 டிகிரியிலிருந்து 16 டிகிரியாக உயர்ந்து, வெப்ப இழப்பும் அதற்கேற்ப மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

மூன்று வகைகளும் பயன்பாட்டில்

குவார்ட்ஸ் ஹீட்டரில் 400 வாட் குழல்கள் இரண்டு இருப்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் இருப்பதும் பரவலான அமைப்பு. சுவிட்ச் போட்ட சில நொடிகளில் குழல் செவ்வொளி வீச, எதிரே அமர்ந்திருப்பவரின் முகமும் கையும் உடனே சூட்டை உணர்கின்றன. முதுகு அப்போதும் குளிர்ந்தே இருக்கும். வெப்பம் கதிர்வீச்சாக, அதாவது காற்றைச் சூடாக்காமல் நேராக உடலை வந்தடைவதால், இதில் தெர்மோஸ்டாட் இருந்தாலும் பெரும்பயன் இல்லை; பல மாடல்களில் அது இருப்பதும் இல்லை. ஹீட்டரைத் தள்ளி வைப்பதும், முகப்பைத் திருப்புவதுமே இதன் உண்மையான கட்டுப்பாடு. மேசையருகே ஒருவர் ஒரு மணி நேரம் அமர்ந்து படிக்க 400 வாட்டில் வேலை முடிவது இதன் சிறப்பு. தானே அணையும் ஏற்பாடு இல்லாத இவ்வகை ஹீட்டரை எரியவிட்டுவிட்டு உறங்குவது ஏற்கத்தக்கதன்று.

ஃபேன் ஹீட்டரில் சூடான சுருளின் ஊடே விசிறி காற்றைத் தள்ளுகிறது. 1000, 2000 வாட் என்ற இரு படிகளும் ஒரு தெர்மோஸ்டாட் குமிழும் பெரும்பாலானவற்றில் உண்டு. மூவகையில் அறைக் காற்றை மிக விரைவில் சூடாக்குவது இதுவே; அணைத்ததும் மிக விரைவில் குளிரவிடுவதும் இதுவே. இதன் தெர்மோஸ்டாட் கருவியின் உடலுக்குள்ளேயே இருப்பதால், அது உணர்வது அறையின் வெப்பநிலையை மட்டுமன்று. பக்கத்திலுள்ள சுருளின் சூட்டையும் சேர்த்தே உணர்கிறது. சுவரோரமாகவோ திரைச்சீலையின் அருகிலோ வைத்தால், சூடான காற்று திரும்பி வந்து பட்டையை வளைத்து, அறை குளிர்ந்திருக்கும்போதே ஹீட்டர் அணைந்துவிடும். மலை ஊர்களுக்கென்று இன்னொரு நுட்பமும் உண்டு. உதகையின் காற்று, அதே வெப்பநிலையிலுள்ள சமவெளிக் காற்றைவிட ஏறக்குறைய கால் பங்கு அடர்த்தி குறைந்தது. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் தள்ளும் காற்றின் எடை அந்த அளவு குறைவதால், வெளிவரும் காற்றின் சூடு சமவெளியில் ஏறுவதைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக ஏறும். காற்று நுழையும் வலையில் தூசியும் அடைத்துக்கொண்டால், அதிகச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் அடிக்கடி இயங்கத் தொடங்கும். கட்-அவுட் என்பது விபத்தைத் தடுக்கும் கடைசிக் காவலே தவிர, அன்றாடக் கட்டுப்பாடு அன்று. அது ஒருமுறை இயங்கினாலே வலையைச் சுத்தம் செய்து, வைத்திருக்கும் இடத்தையும் மாற்ற வேண்டும்.

ஆயில் ஹீட்டரில் மூடி முத்திரையிட்ட இறக்கைகளுக்குள் எண்ணெய் இருக்கிறது. அது எரிவதுமில்லை, தீர்வதுமில்லை. சூட்டை வாங்கி, தேக்கி, மெல்ல வெளியிடுவதே அதன் பணி. சுவிட்ச் போட்ட முதல் பத்து நிமிடங்களில் ஏமாற்றமே மிஞ்சினாலும், தெர்மோஸ்டாட் துண்டித்த பிறகும் இறக்கைகள் நெடுநேரம் கணகணவென்று இருப்பதால், அறையின் வெப்பநிலை சட்டென ஏறி இறங்குவதில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: முழு 2000 வாட்டில் எண்ணெய் சூடேறியிருக்கும்போது தெர்மோஸ்டாட் அணைத்தாலும், தேங்கிய வெப்பம் அறையைத் தேவைக்கு மேலேயே கொண்டுபோகும். இதைத் தவிர்க்கும் முறை எளியது. முதலில் இரு சுவிட்ச்களையும் போட்டு, குமிழை முழுதும் திருகி, அறை ஓரளவு இதமானதும் பெரிய சுருளை அணைத்து 800 வாட்டில் விட வேண்டும். பின்னர் குமிழை மெல்லப் பின்னோக்கித் திருப்பினால் ஓரிடத்தில் 'டிக்' என்ற ஓசை கேட்டு, சிவப்பு விளக்கு அணையும். அந்த இடமே அந்த அறைக்கும் அந்த ஆளுக்கும் உரிய அளவு. பெரும்பாலான குமிழ்களில் டிகிரி எண்கள் இருப்பதில்லை என்பதால், அங்கே பென்சிலால் ஒரு கோடு இட்டுவைப்பது மறுநாள் உதவும்.

டிஜிட்டல் வசதிகளும் ஆகாத குறுக்குவழிகளும்

டிகிரி எண்ணைக் காட்டும் டிஜிட்டல் மாடல்களில், சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சிறு உணரி ஒன்று பட்டையின் இடத்தைப் பிடிக்கிறது. பட்டையைவிட நுண்ணிய வேறுபாட்டை இது அறியும் என்பது உண்மையே. ஆனால் உணரி ஹீட்டரின் உடலிலேயே இருந்தால், அது காட்டும் எண் ஹீட்டரின் பக்கத்துச் சூடேயன்றிக் கட்டிலில் படுத்திருப்பவர் உணரும் சூடு அன்று. உணரியை ஹீட்டரிலிருந்து தள்ளி வைக்க இடம்தரும் தனித் தெர்மோஸ்டாட் பிளக் இக்குறையைப் போக்கும். பேரியம் டைட்டனேட் சேர்மத்தால் ஆன பிடிசி செராமிக் ஹீட்டர்கள் மற்றொரு வகையில் மேலானவை: குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் அப்பொருளின் மின்தடை செங்குத்தாக ஏறுவதால், காற்றோட்டம் தடைப்பட்டால் கருவி தன் வெப்பத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

சீலிங் ஃபேன் ரெகுலேட்டரையோ விளக்குக்கான டிம்மரையோ ஹீட்டருடன் இணைத்து வெப்பத்தைக் குறைக்க முயல்வது ஆபத்தானது. ஃபேன் ரெகுலேட்டர் தாங்குவது நூறு வாட் அளவிலான சுமையை. 2000 வாட் ஹீட்டர் இழுப்பதோ 8.7 ஆம்பியர். டிம்மரே போதிய திறனுள்ளதாக இருந்தாலும், ஃபேன் ஹீட்டரில் சுருளோடு விசிறியும் தளர்ந்து, சூட்டை அகற்றும் காற்று குறைந்துபோகும். ஸ்மார்ட் பிளக் பயன்படுத்துவோர் அது 16 ஆம்பியர் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத அறையில் மொபைலிலிருந்து ஹீட்டரைப் போடும் வசதி, ஹீட்டரின்மேல் துணி விழுந்து கிடப்பதை அறியாது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பவர் பிளக்கில் நேரடியாகச் செருகுவதே முறை. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதற்கு உரியதன்று.

மீட்டரே சாட்சி

கட்டுப்பாடு உண்மையில் வேலை செய்கிறதா என்பதை அறியத் தனிக் கருவி தேவையில்லை. வீட்டு மின்மீட்டரின் முகப்பில் சிமிட்டும் சிறு சிவப்பு விளக்கின் அருகே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்றால், மற்ற சாதனங்களை அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போடும்போது, 800 வாட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 43 முறையும், 1200 வாட்டில் 64 முறையும், 2000 வாட்டில் 107 முறையும் விளக்கு சிமிட்ட வேண்டும். முழுப் படியில் 80 முறையே சிமிட்டினால், ஹீட்டருக்குக் கிடைப்பது 1500 வாட் அளவே, வோல்டேஜ் 200ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு மணி நேர இடைவெளியில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டால் தெர்மோஸ்டாட்டின் பங்கும் தெரிந்துவிடும்: 2000 வாட் படியில் ஒரு மணி நேரத்தில் 0.9 யூனிட் மட்டும் செலவாகியிருந்தால், அந்த ஹீட்டர் பாதிக்கும் குறைவான நேரமே எரிந்திருக்கிறது. தினம் 5 மணி நேரம் இடைவிடாது எரியும் 2000 வாட், இரு மாதக் கணக்கில் 600 யூனிட் ஆகும்; தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதால், தெர்மோஸ்டாட் மிச்சப்படுத்துவது விலை உயர்ந்த யூனிட்களையே.

முடிவு

ஒருவர் சிறிது நேரம் குளிர்காய்வதற்குக் குவார்ட்ஸ் ஹீட்டரும், குளித்து வந்ததும் உடை மாற்றும் பதினைந்து நிமிடங்களுக்கு ஃபேன் ஹீட்டரும், இரவு முழுதும் குடும்பம் உறங்கும் அறைக்குத் தெர்மோஸ்டாட்டும் கவிழ்ந்தால் அணையும் சுவிட்சும் உள்ள ஆயில் ஹீட்டரும் பொருத்தமானவை. கடையில் நிற்கும்போது வாட் எண்ணைப் படித்தபின், எத்தனை படிகள் உள்ளன, குமிழ் தெர்மோஸ்டாட்டா வெறும் சுவிட்சா, உணரி எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் கேட்டறிவது அவசியம். வெப்பத்தைக் குறைப்பது வேறு, வெப்பநிலையை நிலைநிறுத்துவது வேறு. முதலாவதைப் படி சுவிட்ச் செய்கிறது, இரண்டாவதைத் தெர்மோஸ்டாட் செய்கிறது. இரண்டும் சேர்ந்து, அறையைத் தாங்கப் போதுமான மிகச் சிறிய படியில் ஹீட்டர் இயங்கும்போதுதான், விடியற்காலைக் குளிரிலும் யாரும் எழுந்து குமிழைத் தொட வேண்டாத உறக்கம் வாய்க்கிறது.