பிறெயிலின் இசைக்குறி: ஒரு மதிப்பீடு

விழிப்புலனற்ற மாணவர்க்கு இசை பயிற்றுதல் எளிது. அவர்தம் செவி இயல்பாகவே கூரியது. ஆதலின் ஆசிரியர் பாடிக்காட்டினாற் போதும் என்பார் பலர். இக்கூற்றுப் புகழ்ச்சி போலத் தோன்றினும் மாணவரின் உரிமையொன்றை மறைப்பதாகும். செவிவழி மட்டுமே கற்பவர் ஆசிரியர் தந்த அளவே பெறுவர்; ஆசிரியர் பிழைபடப் பாடின் அப்பிழையையும் உடன் பெறுவர். தாமே ஏட்டைப் படித்துத் தெளியும் வழி அவர்க்கு இல்லை.

இவ்வழியை வகுத்தவர் லூயி பிறெயில். பாரிசு நகரில் விழிப்புலனற்றோர்க்கென அமைந்த பள்ளிக்கு 1819 இல், பத்து வயதினராய் வந்து, பின் அங்கேயே ஆசிரியராயினார். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவராகவும் விளங்கினார். 1829 இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பே, சொற்களையும் இசையையும் புள்ளிகளால் எழுதும் முறை எனக் கூறும். இசை, எழுத்தின்பின் வந்த ஒட்டன்று. தொடக்கத்திலேயே அவர் நோக்கில் இடம்பெற்றது என்பது இதனாற் பெறப்படும்.

பின்னர்த் திருந்தி வழங்கும் இம்முறையில், ஆறு புள்ளிகளுள் மேல் நான்கு சுரத்தின் பெயரையும், கீழ் இரண்டு அதன் கால அளவையும் உணர்த்தும். தாயியைச் சுட்டத் தனிக்குறிகள் உள. ஐந்து கோடுகளில் ஏறியிறங்கும் மேனாட்டு இசைக்குறியை விரலுக்கேற்ற வரியாக மாற்றியமையே இதன் சிறப்பு.

குறையும் உண்டு. கண் பல சுரங்களை ஒருங்கே காணும். விரலோ ஒவ்வொன்றாகவே உணரும். இரு கைகளாலும் கருவி வாசிப்போர் முதலிற் படித்து, மனனஞ் செய்து, பின்னரே வாசித்தல் வேண்டும். எனினும் இது கிளிப்பிள்ளை மனனமன்று; ஐயமுற்றவிடத்து மீண்டும் ஏட்டைத் தொட்டுத் தெளியலாம். பிறெயில் பயின்ற அப்பள்ளியிற் பிற்காலத்திற் கற்ற லூயி வியேர்ண், பார்வை மிகக் குன்றியவராய்ப் பிறந்தும், 1900 முதல் 1937 வரை பாரிசின் நோத்திரதாம் பேராலயத்தில் ஓர்கன் கலைஞராய்த் திகழ்ந்தார்.

நமது இசையிற் சுரங்கள் எழுத்துகளாலேயே குறிக்கப்படுதலின், அவற்றைப் பிறெயிலில் அமைத்தல் அரிதன்று. கமகத்தை எக்குறியும் முற்றக் காட்டாது; அதற்கு ஆசிரியர் குரலே வேண்டும் எனின், அது கண்ணுடையார்க்கும் ஒக்கும். அவர்க்கு ஏடும் குரலும் ஈந்து, ஏனையோர்க்குக் குரலை மட்டும் ஈதல் நடுநிலையாகாது. எனவே இசையாசிரியர் இப்புள்ளிகளைக் கற்றல் இரக்கத்தின்பாற் பட்டதன்று, கடமையின்பாற் பட்டதென்க.