37 குழந்தைகளும் ஒரு புதுப் பெயரும்: சாகர் ஆய்வைப் படித்தபோது

சளி காய்ச்சல் வந்துபோன குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறியிருந்தால் போதும், வாட்ஸ்அப்பில் "கோவிட் குழந்தைகளின் கல்லீரலைத் தாக்குகிறது" என்ற பழைய செய்தி வந்து விழும். புதுப்பட்டினத்தில் எங்க தெருவிலேயே இரண்டு முறை வந்துவிட்டது. அதன் வேரைத் தேடிப் போனால் சாகரில்தான் போய் நிற்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் சாகரில் உள்ள புந்தேல்கண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், சண்டிகர் பிஜிஐ ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டாம் அலையில் கோவிட் உறுதியான 475 குழந்தைகளில் 47 பேருக்குக் கல்லீரல் அழற்சி. அதில் 10 பேருக்கு உடம்பின் பல உறுப்புகளையும் தாக்கும் மிஸ்-சி. 3 பேர் இறந்தார்கள். மீதி 37 பேருக்குக் கல்லீரல் மட்டும்தான் பிரச்சினை, பெரும்பாலோர் ஆதரவு சிகிச்சையிலேயே தேறிவிட்டார்கள். இவர்களுடைய நோய்க்கு 'சிஏஎச்-சி', அதாவது குழந்தைகளில் கோவிட் சார்ந்த கல்லீரல் அழற்சி என்று பெயர் வைத்தார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி என்று 2022 ஏப்ரலில் உலகமே பரபரப்பானது. ஜூலைக்குள் 35 நாடுகளில் 1,010 குழந்தைகள், 22 மரணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அதற்குப் பல மாதம் முன்பே, பெருநகரம் அல்லாத ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில் யாரோ "இது வழக்கமான மஞ்சள் காமாலை இல்லையே" என்று நின்று கவனித்திருக்கிறார்கள். சும்மா வருமா அந்தக் கண்? மிஸ்-சி குழந்தைகளைத் தனியாகப் பிரித்ததும் பயனுள்ள வேலை. எந்தக் குழந்தைக்கு ஐசியூ படுக்கை வேண்டும் என்பதை அது சொல்கிறது.

எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான்.

பெயரிலேயே காரணம் வந்து உட்கார்ந்துவிட்டது. 2021 ஜூன்-ஜூலையில் ஐசிஎம்ஆர் நடத்திய நான்காவது தேசிய ஆய்வில் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்குக் கோவிட் எதிர்ப்பொருள் இருந்தது. 10 முதல் 17 வயதில் 61.6. அந்த மாதங்களில் கை உடைந்து வந்த குழந்தைகளைச் சோதித்திருந்தாலும் பாதிக்கு மேல் 'கோவிட் வந்தவர்கள்' என்றே தெரிந்திருக்கும். கோவிட் கை எலும்பை உடைத்தது என்று யாரும் எழுத மாட்டோம். கல்லீரல் நன்றாக இருந்த, அதே ஊர், அதே வயதுக் குழந்தைகளை ஒப்பிடாமல் இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது.

ஒப்பீடு என்ன செய்யும் என்பதற்கு கிளாஸ்கோ குழுவின் கட்டுரை, 2023 மார்ச்சில் நேச்சர் இதழில் வந்தது. முதலில் எல்லாரும் சந்தேகப்பட்டது அடினோ வைரஸை. அவர்கள் எல்லா மரபணுத் துணுக்கையும் அலசியபோது மாட்டியது வேறு ஒன்று: ஏஏவி2. தனியாகப் பெருகத் தெரியாத, அடினோ மாதிரி ஒரு துணை வைரஸ் இருந்தால்தான் வேலை செய்யும் வைரஸ். (எங்க தொழிலில் இதை டிபென்டென்சி என்போம், இங்கேயும் அதே சொல்தான்!) நோயுற்ற 32 பேரில் 26 பேரிடம் அது இருந்தது, ஒப்பீட்டுக் குழுவின் 74 பேரில் 5 பேரிடம் மட்டுமே. அதோடு நோயுற்றவர்களில் சோதித்த 27 பேரில் 25 பேருக்கு ஒரே எச்எல்ஏ மரபணு வகை. ஆக வைரஸ், துணை வைரஸ், குழந்தையின் மரபணு மூன்றும் கூடினால்தான் விபத்து என்று தோன்றுகிறது. இதிலும் எண்ணிக்கை சின்னது. ஏஏவி2 குற்றவாளியா, வெறும் தடயமா என்ற கேள்வியும் தீரவில்லை. ஆனால் கேள்வியை மூடாமல் வைத்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

தடுப்பூசி மேல் பழி போடுபவர்களுக்கு ஒரு வரி: நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசியே போடாத சிறு குழந்தைகள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: சாதாரண வைரஸ் காய்ச்சலிலேயே எஸ்ஜிபிடி லேசாக ஏறி இறங்கும். கண் மஞ்சள், அடர் நிறச் சிறுநீர், வெளிறிய மலம், குழந்தை மந்தமாகிப் போவது, இதில் எது வந்தாலும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சாகரின் அந்த 37 பேரின் ரத்த மாதிரியில் நாலு சொட்டு ஏதாவது ஃப்ரீஸரில் மிச்சம் இருந்தால், ஏஏவி2-க்கு ஒரு பிசிஆர் ஓட்டிப் பார்க்க இன்றைக்கும் நேரம் இருக்கிறது.